வராதவர்களின் கொப்பி

ஹட்டன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் தாமதமானது மறதியால் அல்ல. அமெரிக்காவில் ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு டைரக்டராக இருந்த ஜீன் ஸ்மித்தைப் பற்றி எழுதிவிட்டு, "நமக்கும் அப்படி ஒரு டைரக்டர் இருந்தாரா, நாம்தான் கவனிக்காமல் விட்டோமா?" என்று கடைசியில் கேட்டிருந்தாயே, அதற்கு நினைவில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல மனம் வரவில்லை. போன சனிக்கிழமை கண்டிக்குப் பஸ் ஏறி, நம் கம்பஸில் அந்தக் காலத்தில் விளையாட்டு டைரக்டராக இருந்த சேரை நேரில் பார்த்துவிட்டே வந்தேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

முதலில் மகளுக்கு என் அன்பைச் சொல். அவள் அமெரிக்கக் கம்பஸ் அணிக்காக 1500 மீட்டர் ஓடுகிற படத்தை என் மனைவி ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கை வீசுறது அப்படியே அவங்க அப்பாதான்" என்றாள். உண்மைதான். வளைவில் வலது கையைக் கொஞ்சம் அதிகமாக வெளியே எறிவது உன் பழக்கம். கொழும்பில் கடைசி வளைவில் நீ அப்படித்தான் வந்தாய், நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

ஜீன் ஸ்மித்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். 1973இல் சாம்பியனான நோட்ர டாம் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியில் ஆடி, அங்கேயே உதவிப் பயிற்சியாளராகி, கொஞ்சக் காலம் ஐ.பி.எம். கம்பனியில் வேலை பார்த்து, பிறகு ஈஸ்டர்ன் மிச்சிகன், அயோவா ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் என்று படிப்படியாக ஏறி வந்த மனிதர். 2005இலிருந்து 2024 வரை ஓஹாயோ ஸ்டேட்டில் 36 அணிகளையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களையும் பொறுப்பில் வைத்திருந்தார். நம் ஊரில் இந்தப் பாதையே கிடையாது. விளையாட்டுப் போதனாசிரியராகச் சேர்கிற கம்பஸிலேயே பெரும்பாலும் தலை நரைத்து ஓய்வு பெறுகிறோம். அங்கே டைரக்டர் என்றால் பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் மாதிரி. இங்கே நிலம் காயவில்லை என்றால் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அவரும் மைதானத்தில் இறங்க வேண்டும்.

நீ அவருடைய வெற்றிகளை நிறைய எழுதியிருந்தாய். எனக்கு மனதில் நின்றது 2011தான். ஓஹாயோ ஸ்டேட் ஃபுட்பால் வீரர்கள் சிலர் விதியை மீறித் தங்கள் மோதிரங்களையும் சட்டைகளையும் கொடுத்துப் பணமும் பச்சை குத்தலும் வாங்கிக்கொண்டார்கள். பயிற்சியாளர் ஜிம் டிரெசலுக்கு அது தெரிந்திருந்தும் மேலே அறிவிக்கவில்லை. அந்த வருடம் மே மாதம் அவர் பதவி விலகினார். 2012இல் அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களையும் வென்றது, ஆனாலும் தடை இருந்ததால் பருவம் முடிந்த பிறகு ஆடும் போட்டிக்குப் போக முடியவில்லை. முந்தின வருடமே தாமாகத் தடையை ஏற்றிருந்தால் இந்தப் பிள்ளைகள் ஆடியிருப்பார்களே என்று டைரக்டரைப் பலர் குறை சொன்னார்கள். தவறு செய்தவர்கள் ஒரு கூட்டம், தண்டனையை அனுபவித்தது இன்னொரு கூட்டம். அந்த 12 வெற்றிக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் அந்தப் பையன்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் என் யோசனை போனது.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது நீ கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிய செய்தி. 2025 ஜூன் மாத வழக்குத் தீர்வுக்குப் பிறகு அங்கே பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டொலர் வரை. உழைக்கிற பிள்ளைக்குப் பங்கு கிடைப்பது நியாயம், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து ஒவ்வொரு அணிக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பும் வந்துவிட்டது. ஃபுட்பாலுக்கு 105 பேர் என்றால் 106ஆவது ஆளுக்கு இடமில்லை. உதவித்தொகை இல்லாமல், ஓட வேண்டும் என்ற ஆசைக்காக மட்டும் வந்து சேர்ந்த உன் மகள் மாதிரிப் பிள்ளைகள்தான் முதலில் வெளியே போவார்கள். இந்த இடத்தில்தான் எனக்குச் சேரின் ஞாபகம் வந்தது.

கண்டியில் மகன் வீட்டு மேல்மாடியில் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் ஓடிப்போய் உட்கார வைத்தேன். நீ டொரொன்டோவில் இருப்பதாகச் சொன்னதும், "ஆயிரத்து ஐந்நூறா, எண்ணூறா?" என்றார். உன் பெயரைவிட உன் தூரம்தான் அவருக்கு முதலில் வருகிறது.

1990இல் நாம் உள்ளே போனபோது பேராதனைக் கம்பஸ் எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட நாள் மூடிக் கிடந்து திறந்த இடம். மைதானத்தில் புல் இடுப்பளவு நின்றது. யார் யாருக்கு என்ன நடந்தது என்று யாரும் யாரிடமும் கேட்காத காலம். தமிழ்ப் பையன்கள் நாம் குறிஞ்சிக் குமரன் கோயில் படியில் ஒரு கூட்டமாகவே உட்கார்ந்திருப்போம். முதல் கிழமையே ஹந்தானைப் பக்கத்திலிருந்து மழை இறங்கி வர, ஒரு மனிதர் காற்சட்டையை மடித்துவிட்டு இரண்டு தொழிலாளர்களோடு புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் தொழிலாளி என்றுதான் நினைத்தோம், அவர்தான் சேர். "தம்பி, இங்க வாங்க" என்று உடைந்த தமிழில் கூப்பிட்டு, அளவு நாடாவின் ஒரு முனையை உன் கையில் கொடுத்தார். மறுமுனையைப் பிடித்தவன் மாத்தறைப் பையன். பிறகு நான்கு வருடம் உன்னோடு அஞ்சல் ஓட்டத்தில் கோல் மாற்றியவன் அவன்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாயத்தண்ணி குடித்து முடிந்ததும் சேர் மகனைக் கூப்பிட்டு அலுமாரியிலிருந்து ஒரு பழைய சி.ஆர். கொப்பியை எடுக்கச் சொன்னார். பயிற்சிக்கு வந்தவர்களின் வரவுப் பதிவேட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், கையெழுத்தும் போட்டிருக்கிறோம். இது வேறு. இது வராமல் போனவர்களின் கொப்பி. சிங்களத்தில் எழுதியிருக்கிறார்: பெயர், கடைசியாக வந்த நாள், ஏன் வரவில்லை. மூன்றாவது பத்தியை நிரப்ப அவர் விடுதி விடுதியாக நடந்திருக்கிறார், அறைத் தோழர்களிடம் விசாரித்திருக்கிறார். "விரிவுரை ஆறு மணிக்கு முடிகிறது." "கணுக்கால் வீக்கம், பயிற்சியாளரிடம் சொல்லப் பயம்." "சீனியர் ஒருவன் கேலி செய்கிறான்." "இருட்டில் விடுதிக்குத் திரும்பப் பயம்." இந்தக் கடைசிக் காரணம் பெண் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே பன்னிரண்டு இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகுதான் வலைப்பந்துப் பயிற்சி மூன்றரைக்கு மாறியது என்பதை அங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் பையன்கள் நாம் அதை எதிர்த்து முறுமுறுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? கோர்ட் நமக்கு ஐந்து மணிக்குப் பிறகுதான் கிடைத்தது.

அமெரிக்காவில் கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்று 1972இல் சட்டம் வந்தது. அங்கே ஜூடி ஸ்வீட் என்ற பெண் 1975இல் கலிபோர்னியாவில் ஆண், பெண் இரு பக்க விளையாட்டுகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றார், பின்னால் 1991இல் அந்த நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்துக்கே தலைவியானார். அவர்களுக்குச் சட்டம் பின்னால் நின்றது. சேரிடம் ஒரு கொப்பியும் ஒரு டோர்ச் லைட்டும்தான் இருந்தன.

பக்கத்தைப் புரட்டும்போது 1991 பெப்ரவரியில் என் பெயர். நேரே, "சப்பாத்து இல்லை. கேட்க வெட்கம்."

மச்சான், நான் அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவன், ஹட்டனில் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தவன், கம்பஸில் எல்லோரும் ஸ்பைக்ஸ் கட்டுவதைப் பார்த்து நின்றுவிட்டேன். உன்னிடம் கூடச் சொல்லவில்லை, முழங்கால் வலி என்றேன். அந்த மாதம் சேர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டோர் ரூம் குப்பையாகக் கிடக்கிறது, இரண்டு நாள் அடுக்கித் தா" என்றார். அடுக்கினேன். முடிவில், "கூலி கொடுக்கப் பணம் இல்லை, அந்த மூலையில் இருக்கிற சப்பாத்தில் உனக்குச் சரியானதை எடு" என்றார். முப்பத்து நான்கு வருடமாக அதை நான் உழைத்த கூலி என்றே நினைத்திருந்தேன்.

உன் பெயரும் இருக்கிறது. "செவ்வாய், வியாழன் லேப்." அதற்கு அடுத்த கிழமைதான் நடுத்தூர ஓட்டப் பயிற்சி காலை ஐந்தே முக்காலுக்குப் போனது. மகாவலிப் பக்கமிருந்து வருகிற அந்தப் பனியில் நீ பல் கிட்டித்து, "எந்தப் பைத்தியக்காரன் இந்த நேரத்தை வைத்தான்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாயே, அந்த நேரம் உனக்காக வைத்தது.

இதைச் சொல்லிவிட்டு என் பங்கையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. நான் கம்பஸ் விளையாட்டுப் பகுதியில் பதில் பணிப்பாளராக இருந்த ஒன்றரை வருடத்தில் எல்லாப் பல்கலைக்கழகப் போட்டியில் மொத்தக் கிண்ணத்துக்கு நெருங்கியிருந்தோம். மேலிடத்தில் அதையே கேட்டார்கள், எனக்கும் அதே வெறி. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை எந்த அணியிலும் இல்லாத பிள்ளைகளுக்கு என்று இருந்த ஜிம் நேரத்தை எடுத்து அணிகளுக்குக் கொடுத்தேன். கிண்ணமும் வரவில்லை, அது வேறு கதை. ஆறு மாதம் கழித்து ஒரு பெண் போதனாசிரியர் என்னிடம் சொன்னார்: மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் முதன்முதலாக ஓடப் பழகியது, பிறகு வருவதே இல்லை என்று. விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை.

சேரிடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்று யோசித்தேன். கண்டியில் டிரினிட்டி கல்லூரியில் படித்த டங்கன் வைட் 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடைதாண்டலில் 51.8 செக்கனில் வெள்ளி வென்றதை இன்றும் எல்லோரும் சொல்கிறோம். யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ.யில் படித்தவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார், அதையும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்த டைரக்டருடைய பெயருக்கு நேரேயும், அவர் திருப்பிக் கூட்டிவந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் எழுதி வைப்பதில்லை. கொப்பியில் திரும்பி வந்தவர்கள் என்று சிவப்பு மையில் குறியிட்ட பெயர்களை எண்ணினேன், எழுபத்தொன்று. அவர்களில் ஒருவர்கூடத் தேசியச் சாதனை எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்மைப் போல ஒழுங்காக வாழ்கிறார்கள்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: இருந்தார். ஜீன் ஸ்மித் ஆண்ட அளவு பெரியது, அவர் தாங்கிய பாரமும் பெரியது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. இப்போது அவருடைய இடத்துக்கு ரோஸ் பியோர்க் வந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். பணத்தைப் பங்கு போடுவதும் ஆள் எண்ணிக்கையை வெட்டுவதும் இனி அவர் மேசையில். வெட்டுப்படுகிறவர்களின் பெயரை அங்கே யாராவது எழுதி வைக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வீட்டுச் செய்தி: அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூத்தவன் நாவலப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மழை இந்த வருடம் விடுவதாக இல்லை, கொழுந்து நிறையத்தான் வருகிறது, ஆனால் மலை ஏறுகிறவர்களுக்கு அட்டைக்கடி தாங்க முடியவில்லை.

சனி, ஞாயிறுகளில் நம் தோட்டத்துப் பிள்ளைகளை ஓட வைக்கிறேன். மட்டமான நிலம் என்று இருப்பது காலையில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற பிரட்டுக் களத்துக்குக் கீழே உள்ள துண்டுதான். சுற்றி வந்தால் 140 மீட்டர், அதிலும் ஒரு பக்கம் ஏற்றம். போன கிழமை நானும் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் ஐந்து பெயர். மூன்றுக்குக் காரணம் தெரியும்: தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, டியூஷன், அப்பா வேண்டாம் என்கிறார். அந்த அப்பாவோடு நேற்றுப் பேசினேன், இன்னும் மசியவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு நாளை மேல் டிவிசனுக்கு ஏற வேண்டும். கம்பஸில் ஐந்து மணி ஜிம் நேரத்தை மறுபடி திறக்கச் சொல்லி எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். அந்த மஸ்கெலியாப் பிள்ளையின் பெயரைப் பதிவாளர் அலுவலகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மகளின் இடம் அடுத்த பருவத்துக்கு உறுதியாகிவிட்டதா? இல்லை என்றால் அவள் எங்கே ஓடப் போகிறாள், யாரோடு? அதை மட்டும் உடனே எழுது. ஃபோனில் சொன்னாலும் சரி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்