கடைசி நடைப் பேருந்தும் கேட்பவர்களும்

ரோஸ் ஹில், மொரீசியஸ்

அன்புள்ள தோழிக்கு,

இங்கு அனைவரும் நலம். கடைசி நடைப் பேருந்தைப் பற்றி நீ இணையத்தில் எழுதிய பேய்க்கதையையும், அதற்கு வாசகர்கள் எழுதிய பதில்களையும், அவர்கள்மேல் உனக்கு வந்திருக்கும் கோபத்தையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கோபத்தைத் தவிர மற்ற எல்லாமே எனக்குப் பிடித்திருந்தன.

முதலில் கதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடத்துநர் நள்ளிரவில் டிப்போவில் உட்கார்ந்து, தோல் பையைக் கவிழ்த்துச் சில்லறையை அடுக்கிக்கொண்டே, சீட்டுக் கணக்கு எழுதும் வே பில்லைச் சரிபார்க்கிறார், கணக்கு உதைக்கிறது. வண்டியில் ஏறியவர்களைவிட ஒரு சீட்டு கூடுதலாகக் கிழிந்திருக்கிறது. நீ அங்கேயே நிறுத்தியிருந்தால், கவனக்குறைவு என்று நானும் கடந்து போயிருப்பேன். ஆனால் அடுத்த வரியில், அந்தச் சீட்டுக்கு உரிய காசும் பையில் சரியாக இருக்கிறது என்று எழுதினாய் பார், அதுதான் என்னை உலுக்கியது. சீட்டுக்குக் காசு கொடுத்து, மீதிச் சில்லறையும் வாங்கிக்கொண்டு பயணம் செய்யும் ஒன்றை என்னவென்று சொல்வது? உன் அப்பா காக்கிச் சட்டையோடு வாழ்ந்தவர் என்பதால்தான் உனக்கு இந்த வரி அமைந்தது. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு எளிதில் தோன்றாத வரி இது.

கடைசி மூன்று பத்திகளை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடு. வளைவில் நடந்த விபத்து, அதில் இறந்த பெண், அவளுடைய சிவப்புச் சேலை, மல்லிகைப்பூ வாசனை ஆகிய எல்லாவற்றையும் நாம் விடுதியில் படுத்துக்கொண்டு ஆயிரம் முறை கேட்டாகிவிட்டது. பேயை முழுதாகக் காட்டினால் சிரிப்புதான் வரும் என்பதற்குச் செயங்கொண்டாரே சான்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் அடும் பகுதியை வகுப்பில் நடத்தும்போது பயந்துபோன மாணவியை நான் பார்த்ததே இல்லை.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். எந்த டிப்போ, எந்தத் தடம், எந்த ஆண்டு என்று வாசகர்கள் துருவித் துருவிக் கேட்டதையும், ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் "இப்போது மெஷினில் சீட்டு கொடுக்கிறோம், இப்படி நடக்க வழியில்லை" என்று எழுதியதையும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அவை பாராட்டாகவே தெரிகின்றன. பேய்க்கதைக்குப் பாதி உயிர் கொடுப்பவர் கேட்பவர்தான். 2004 ஜனவரியில் ஜப்பானில் ஒரு பெண்ணின் பெயரில் யாரோ ஒருவர், தாம் ஏறிய ரயில் வழக்கமான நிலையங்களில் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதாக இணையத்தில் அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்தார். பிறகு கிசரகி என்ற, எந்த வரைபடத்திலும் இல்லாத ஆளற்ற நிலையத்தில் இறங்கியிருப்பதாக எழுதினார். அந்த இரவில் அதைப் படித்தவர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசு, வாடகைக் கார் கிடைக்கிறதா பார் என்று பதறி யோசனை சொன்னார்கள். அவரும் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே தண்டவாளத்தில் நடந்து, கடைசியில் முன்பின் தெரியாத ஒருவருடைய காரில் ஏறியதோடு பேச்சு நின்றுபோனது. அவர் எழுதியதை மட்டும் பிரித்தெடுத்துப் படித்துப் பார்த்தேன், அரைப் பக்கச் செய்தி போல இருந்தது. பதறியவர்களின் பதில்களோடு சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ரெடிட் என்ற இணையத் தளத்தில், திகில் கதைகளுக்கான நோஸ்லீப் என்ற பகுதியில் இதையே ஒரு விதியாக வைத்திருக்கிறார்கள். அங்கே எழுதப்படும் கதைகள் எல்லாமே உண்மை, உண்மை இல்லாவிட்டாலும் உண்மை; ஆகவே பதில் எழுதுகிறவர் கதையை நம்புகிறவராகவே பேச வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு: எழுதியவருக்கு, கதை எங்கே தொய்ந்தது என்று அந்த இடத்தில் யாரும் சொல்ல முடியாது. என்னிடம் முன்பு படித்த பிள்ளைகள் சிலரோடு நான் நடத்தும் சிறு வாட்ஸ்அப் குழுவில், அதனால், வேறு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவர் வெள்ளி இரவு குரல் பதிவாகக் கதை சொல்வார், அன்று எல்லாரும் நம்பிப் பேச வேண்டும். சனிக்கிழமை காலையில் பிரித்துப் போட்டு அலசலாம். இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியும் தமிழும் கலந்துதான் பேச்சு நடக்கும். சனிக்கிழமைப் பேச்சு சில நேரம் மாமியார் மருமகள் சண்டை அளவுக்குப் போய்விடுகிறது, அது தனிக் கதை.

நம்புவது போல நடிப்பதற்கும் நிஜமாகவே நம்பிவிடுவதற்கும் நடுவில் ஒரு வேலி இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு எங்கள் நாட்டிலேயே காரணம் உண்டு. 1994 பிப்ரவரியில் ஹோலாந்தா புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இருட்டில்தான் தூனி மின்வி வந்தான். நடு இரவில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு அம்மணமாகக் கூரைக்குக் கூரை தாவுகிறான், பிடித்தால் கை வழுக்குகிறது என்றார்கள். தெருவில் யாரிடமும் கைப்பேசி இல்லை. இருந்தும் காலையில் ரொட்டி வாங்கப் போன இடத்தில் கதை ஒரு முழம் வளர்ந்திருக்கும். பார்த்தேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் பார்த்த மைத்துனர் ஒருவர் இருந்தார். ஆண்கள் தடியும் டார்ச்சுமாக விடிய விடியக் காவல் இருந்தார்கள். அந்த இரவுகளில் யாராவது ஓர் அப்பாவி அவசரத்துக்கு அந்தத் தெரு வழியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உதறுகிறது.

ஸ்லெண்டர் மேனும் இப்படி வளர்ந்தவன்தான். 2009 ஜூனில் எரிக் நுட்சன் என்ற அமெரிக்கர், படங்களைத் திருத்தி அமானுஷ்யமாகக் காட்டும் போட்டி ஒன்றுக்காக, சிறுவர்கள் இருக்கும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களில் முகமில்லாத நெட்டையன் ஒருவனைச் சேர்த்தார். ஆளுக்கு ஆள் தாங்களும் அவனைக் கண்டதாக எழுதி எழுதி அவனை வளர்த்தார்கள். 2014 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் 12 வயதுச் சிறுமிகள் இருவர், அவனை மகிழ்விப்பதாக எண்ணித் தங்கள் வகுப்புத் தோழியைக் கத்தியால் குத்திவிட்டார்கள். அந்தக் குழந்தை பிழைத்ததே பெரிது. பழையனூர் நீலி கதையில் நடப்பதும் இதுவே அல்லவா? குழந்தையும் கையுமாக வந்து "இவர் என் கணவர்" என்று அவள் அழுததை எழுபது வேளாளரும் நம்பினார்கள், அவள் பேய் என்று பயந்து நடுங்கிய வணிகனை நம்பவில்லை. அந்தக் கதையில் பேயைவிட அந்தச் சபைதான் எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது.

ஆகவே, உண்மையா என்று கேட்பவருக்கு நீ சீறாதே. வயது வந்தவர் கேட்டால் "நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி" என்று எழுது. பேச்சில் சிறு பிள்ளை என்று பட்டால், கற்பனை என்று அப்போதே சொல்லிவிடு. கதைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

உன் பெயரை எடுத்துவிட்டு, ஊரைக் கோவைக்கு மாற்றி, "என் மாமாவுக்கு நடந்தது" என்று யாரோ பரப்பியதைப் பற்றி எழுதியிருந்தாய். உன் எழுத்தை வரிக்கு வரி நகலெடுத்துப் பணம் பார்க்கிறவர்களை விடாதே, தளத்தாரிடம் முறையிடு. வாய்மொழியாகப் போவதை உன்னால் தடுக்க முடியாது. போன வாரம் என் தங்கை மகள் கிரியோலில் வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள்: க்யூர்பிப்பிலிருந்து மாயேபூர் போகும் கடைசி பஸ், கணக்குப் பார்க்கும் நடத்துநர், கூடுதலாக ஒரு சீட்டு, சரியாக இருக்கும் காசு. விபத்தும் இல்லை, சிவப்புச் சேலையும் இல்லை. வரும் வழியில் யார் யாரோ உன் கடைசி மூன்று பத்திகளையும் உதறிவிட்டார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாய், அவர்கள் சொல்வதையாவது கேள்!

வீட்டுச் செய்தி அதிகம் இல்லை. தைப்பூசக் காவடிக்குப் பெரியவன் விரதம் இருக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான். சமையல் எனக்கு மிச்சம். எனக்கு மூட்டுவலி பரவாயில்லை. திருத்திய கதையை எங்கள் வெள்ளிக்கிழமைக் குழுவுக்காக உன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பு. உன் வீட்டுக்காரர் பின்னால் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்காத நேரமாகப் பார்த்துப் பேசு.

அன்புடன்,
உன் விடுதித் தோழி