பதின்வயதுத் தாய்மாருக்கும் கருத்தடை வசதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவயதுக் கர்ப்பம் பற்றிய செய்திகளில் வழக்கும் கைதுமே பேசப்படுகின்றன. பிள்ளை பெற்ற பெண் மறு ஆண்டே மீண்டும் உண்டாகாமலிருக்க என்ன செய்தோம் என்ற கேள்வி எழுவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழகத்தில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 6.3 சதவீதத்தினர் அப்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தனர். முந்தைய ஆய்வில் இது 5 சதவீதமாக இருந்தது.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் மறவாமல் மாத்திரை போடுவதும், ஆணுறை அணியும்படி கணவனிடம் சொல்வதும் மாமியார் வீட்டிலிருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு எளிதல்ல. ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் காப்பதும், வேண்டாமென்றால் எடுத்துவிடக் கூடியதுமான, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி அவளுக்குப் பொருந்தும். நஞ்சுக்கொடி வெளிவந்தவுடனோ 48 மணி நேரத்துக்குள்ளோ அதை வைக்கலாம். தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவள் எந்த ஊரில் இருப்பாள் என்பது எவருக்கும் தெரியாது. வயது குறைவு என்பது இதற்குத் தடையல்ல. ஆனால், பெண்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையையே பெரிதும் நம்பி வளர்ந்த நம் திட்டம், பிள்ளைப்பேறு முடிந்தவர்களை மனத்தில் வைத்தே இயங்குகிறது. பிள்ளைப்பேற்றைத் தொடங்கியிருக்கும் சிறுபெண் அதன் கண்ணில் படுவதில்லை.

அவளும் கண்ணில் படாமலிருக்கவே விரும்புகிறாள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். 18 வயது நிறையாத மனைவியுடன் கொள்ளும் உறவும் வன்புணர்வே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கத்தில் குறையில்லை. ஆயினும், கணவன் சிறைக்குப் போவான் என்ற அச்சத்தில் குடும்பத்தார் வயதைக் கூட்டிச் சொல்வதும், பரிசோதனைக்கு வராமல் தவிர்ப்பதும் நடக்கின்றன. 19 வயது நிறைந்தால்தான் மகப்பேறு நிதியுதவி என்ற விதியும் இதற்குத் துணைபோகிறது. கருக்கலைப்பை நாடும் சிறுமியும் அவளது பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கான தகவலில் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்தப் பாதுகாப்பைப் பிரசவத்துக்கும் கருத்தடை ஆலோசனைக்கும் விரிவுபடுத்த அரசு வழிகாண வேண்டும்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்காமலேயே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார் நம் மாநிலத்தில் பழையது. எதிர்த்துப் பேசத் தெரியாத சிறுமியிடம் இது இன்னும் எளிதாக நடந்துவிடும். வலி கண்ட பிறகு பிரசவ அறையில் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலாகாது. கர்ப்பகாலப் பரிசோதனைகளின்போதே கிராம சுகாதாரச் செவிலியர் அவளைத் தனியே அமர்த்தி, காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, வாரத்தில் ஓரிரு முறை போடும் சாயா கருத்தடை மாத்திரை ஆகியவற்றை விளக்கி, அவள் விருப்பத்தைத் தாய்-சேய் நல அட்டையில் குறிக்க வேண்டும். பின்னர் எடுக்கச் சொல்லி வந்தால், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று திருப்பி அனுப்பாமல், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றே எடுத்துவிட வேண்டும். இதற்கான எழுத்துபூர்வ ஆணையை மக்கள் நல்வாழ்வுத் துறை பிறப்பிக்குமாறு தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமுதாய சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.