பத்தியை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில், கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கென்று தினமும் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு போட்டு வருகிறீர்கள். என் பேத்தி அவற்றைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். நோட்டு தடித்து, மூட முடியாமல் நிற்கிறது. போன மாதம் அவள் எழுதிய மாதிரித் தேர்வின் ஆங்கிலத் தாளை எடுத்துவைத்து, தப்பு விட்ட 19 கேள்விகளையும் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த நோட்டில் இருக்கும் ஒரு சொல்லால்கூட ஒரு தப்பும் நேர்ந்திருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மயிலாடுதுறையில் பிறந்தவள். டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் முடித்து, 1982-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி தில்லி வந்தேன். மத்திய அரசு அலுவலகங்களில் 39 ஆண்டுகள் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது மயூர் விஹாரில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாலை ஆறு மணிக்குப் பேத்தியும் எங்கள் குடியிருப்பின் மூன்று தமிழ்ப் பிள்ளைகளும் என்னோடு உட்கார்ந்து ஆங்கிலப் பத்தி படிக்கிறார்கள். நான் ஆசிரியை இல்லை. ஆனால் ஆங்கிலத்தைப் பிழைப்புக்காகப் புரிந்துகொண்டவள் என்பதால் சில விஷயங்கள் எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களுக்காக நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் தில்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.யின் மதிப்பெண்தான் வழி. அதற்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து கட்-ஆஃப் போட்டார்கள். 2021-இல் சில படிப்புகளுக்கு அது 100 சதவீதத்தைத் தொட்டது. 2025-இல் நடந்த முறைப்படி ஆங்கிலத் தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். விவரம் சொல்லும் பத்தி, கதை சொல்லும் பத்தி, இலக்கியப் பத்தி என்று மூன்று வகைப் பத்திகள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. மொழித் தாள்களாக இருக்கும் 13 மொழிகளில் தமிழும் உண்டு, பல படிப்புகளுக்கு அதையே எடுக்கலாம். ஆனால் ஆங்கில ஆனர்ஸ் படிக்க ஆங்கிலத் தாள் எழுதியே ஆக வேண்டும், வேறு சில படிப்புகளுக்கும் அப்படித்தான். சட்டம் படிக்க எழுதும் கிளாட் தேர்வோ 2020 முதல் முழுக்கப் பத்திகளாகவே மாறிவிட்டது. அங்கே பொது அறிவையும் சட்ட அறிவையும்கூட நீளமான ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொண்டுதான் காட்ட முடியும்.

இத்தனை பெரிய கதவு பத்தி படிப்பதில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் பத்தி படிக்கப் பழகுவதே இல்லை. சொல் மனப்பாடம் செய்கிறார்கள், தந்திரம் கற்றுக்கொள்கிறார்கள். மேல் மாடியில் இருக்கும் பெண் போன வருடம் 12,000 ரூபாய் கட்டி ஒரு பயிற்சி மையத்துக்குப் போனாள். அவள் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார், அந்தப் பணம் அவருக்குச் சின்னப் பணம் இல்லை. அங்கே சொல்லிக்கொடுத்த முக்கியமான தந்திரம்: பத்தியைப் படிக்காதே, கேள்வியை முதலில் படி, கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரியில் விடை இருக்கும். ஒரு மாதிரித் தேர்வில், சாலை அகலப்படுத்த மரம் வெட்டுவது பற்றிய பத்தி. ஆசிரியரின் கருத்து என்ன என்று கேள்வி. பெண் 'பழைய மரங்கள்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அந்த வரியில் இருந்ததையே விடையாகக் குறித்தாள். அந்த வரி, ஆசிரியர் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய எதிராளியின் கருத்து. அடுத்த வரியிலேயே 'ஹவ்எவர்' என்று தொடங்கி அதை மறுத்திருக்கிறார். அந்த வரி அவள் கண்ணிலேயே படவில்லை.

நேரம் போதாது, அதனால்தான் இப்படி என்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கிலேயே வாழ்ந்தவள் நான், ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நிதானமாக வாய்விட்டுப் படித்தாலே நிமிடத்துக்கு 150 சொல் படிக்கலாம். 300 சொல் பத்திக்கு 2 நிமிடம். 50 கேள்விக்கு 60 நிமிடம் என்றால் கேள்வி ஒன்றுக்கு 72 வினாடி. ஒரு பத்திக்கு ஐந்து கேள்வி என்று வைத்துக்கொண்டால் 6 நிமிடம் கிடைக்கிறது. 2 நிமிடம் முழுப் பத்தியையும் படித்த பிறகும் ஒவ்வொரு கேள்விக்கும் 48 வினாடி மிச்சம். முழுசாகப் படித்தவளுக்கு ஒரு கேள்விக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது. தேடிக்கொண்டே இருப்பவளுக்குத்தான் நேரம் போதாது.

நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். பிட்மன் சுருக்கெழுத்தில் உயிரெழுத்துகளைப் பெரும்பாலும் போட மாட்டோம். மெய்யெழுத்துக்கு ஒரு கோடு, அந்தக் கோடு வரிக்கு மேலே இருக்கிறதா, வரியில் இருக்கிறதா என்பதில் உயிர் ஒளிந்திருக்கும். அதிலும் முழுசாகத் தெரியாது. தட்டிக்கொடுப்பதைச் சொல்லும் 'பேட்' என்ற சொல்லுக்கும் பானையைச் சொல்லும் 'பாட்' என்ற சொல்லுக்கும் கோடும் ஒன்று, இடமும் ஒன்று. எது என்று வாக்கியத்தின் பொருள்தான் சொல்ல வேண்டும். கடிதம் எதைப் பற்றியது என்று புரியாதவள் தன் கையெழுத்தையே படிக்க முடியாது. வந்த புதிதில் நான் திணறினேன். என் பிரிவில் மூத்த ஸ்டெனோவாக இருந்த கரோல் பாக் பகுதி அக்கா ஒருநாள் என் நோட்டை வாங்கி மூடினார். "மொதல்ல நோட்டை மூடு. யாருக்குக் கடிதம், அவர் என்ன கேக்கறார், எதுக்குக் கேக்கறார்? தமிழ்லயே சொல்லு. அது வந்தா இங்கிலீஷ் தானா வரும்" என்றார். அன்றிலிருந்து டைப் அடிக்க உட்காரும் முன் ஒவ்வொரு கடிதத்தையும் தமிழில் இரண்டு வரியாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு வருடத்தில் என் ஆங்கிலம் நிமிர்ந்தது.

இப்போது பிள்ளைகளோடு செய்வதும் அதுதான். பத்தியை ஒரு தடவை முழுசாகப் படிக்க வேண்டும். தாளைக் கவிழ்த்துவிட வேண்டும். என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார் என்று தமிழில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கேள்வி. முதல் இரண்டு வாரம் நால்வராலும் சொல்ல முடியவில்லை. "ஏதோ தண்ணியைப் பத்தி, பாட்டி" என்பார்கள், அதற்கு மேல் வராது. சொல் எல்லாம் தெரியும், வாக்கியம்தான் தெரியவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். 'விவசாயிகளின் புகாரை ஆராய அமைச்சர் அமைத்த குழு ஒப்புக்கொள்ளவில்லை' என்று தமிழில் சொல்லும்போது, யார் என்ன செய்தார் என்பது கடைசி இரண்டு சொல்லில் சேர்ந்து வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் குழு முதலில் வந்து நிற்கும். அதன் பின்னால் 'விச்' என்ற இணைப்புச் சொல் வந்து அமைச்சர், விவசாயி, புகார் எல்லோரையும் வரிசையாக இழுத்துவரும். ஒப்புக்கொள்ளாதது கடைசியில் தனியாக வரும். அதற்குள் பிள்ளை குழுவை மறந்துவிட்டு, ஒப்புக்கொள்ளாதவர் அமைச்சர் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து சொல் பட்டியல் இல்லை. நீளமான வாக்கியம் வரும்போதெல்லாம் ஒரு விரலை யார் என்ற சொல்லிலும் இன்னொரு விரலை என்ன செய்தார் என்ற சொல்லிலும் வைக்கச் சொல்கிறேன். தேர்வு கணினித் திரையில், அங்கே கோடு போட முடியாது. ஆனால் விரல் வைத்துப் பழகிய கண் திரையிலும் அந்த இரண்டு சொல்லைத் தேடும்.

காலை வாரிவிடும் சொற்களும் பெரிய சொற்கள் இல்லை. தெரியும் என்று நினைக்கிற சொற்கள். 'எ ஃபியூ' என்றால் சிலர் வந்தார்கள். வெறும் 'ஃபியூ' என்றால் வந்தவர்கள் குறைவு என்ற வருத்தம் அதில் இருக்கிறது. 'ஹார்ட்லி' என்றால் கஷ்டப்பட்டு என்று என் பேத்தி நினைத்திருந்தாள், கிட்டத்தட்ட இல்லவே இல்லை என்பதுதான் பொருள். அந்த ஒரு சொல்லால் ஒரு பத்தியையே தலைகீழாகப் புரிந்துகொண்டு மூன்று கேள்விகளை இழந்தாள். 'ஒன்லி', 'ஆல்வேஸ்', 'நெவர்' என்பவை விடையில் இருந்தால் நின்று பார்க்க வேண்டும். பத்தியில் 'பெரும்பாலும்' என்று இருக்கும், விடையில் 'எப்போதும்' என்று மாற்றி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, தெரிந்த விஷயமே குழியாவது. யமுனையைப் பற்றி நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்தேன். வஜிராபாதிலிருந்து ஓக்லா வரை தில்லிக்குள் ஆறு ஓடுவது 22 கிலோமீட்டர், அதன் மொத்த நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை என்று தொடங்கி, நுரையைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, குளிர்காலத்தில் படித்துறைக்கு வரும் கடற்பறவைகளுக்கு ஜனங்கள் காராபூந்தி போடுவது அவற்றுக்கு நல்லதில்லை என்று மீதிப் பத்தி முழுக்க எழுதியிருந்தேன். எழுதியவரின் முக்கியமான கவலை எது என்று கேட்டால், நால்வரில் மூன்று பேர் தொழிற்சாலைக் கழிவு என்றார்கள். ஆற்றங்கரையில் குடியிருக்கிறோம், அந்த நாற்றம் தெரிந்த பிள்ளைகள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் இருப்பவர் சொல்வதை மட்டும் கேட்பது எவ்வளவு கடினம் என்று அன்று எனக்கே புரிந்தது.

தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்று பயந்து பிள்ளைகள் நிறையக் கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். காரணம் சொல்லி இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் தைரியமாகக் குறிக்கலாம். பத்து கேள்வியில் ஐந்து சரியானாலே 25 வரும், தவறான ஐந்துக்கு 5 போகும், 20 கையில் நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரையும் குதுப் மினாருக்கு அழைத்துப்போனேன். அங்கே இருக்கும் இரும்புத் தூண் ஏழு மீட்டருக்கு மேல் உயரம், அதில் சந்திரன் என்ற அரசனின் பெயர் இருக்கிறது. அவனைக் குப்த வம்சத்து இரண்டாம் சந்திரகுப்தன் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள், தூண் வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும் கருதுகிறார்கள். இதை நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். தூணருகில் நின்று படிக்கச் சொல்லிவிட்டு, "எந்த அரசன் என்று கல்வெட்டே சொல்கிறதா?" என்று கேட்டேன். எதிர்வீட்டுப் பையன் "ஆமாம் பாட்டி" என்றான். மறுபடி படிக்கச் சொன்னேன். சற்று நேரம் கழித்து, "கல்வெட்டு பெயரை மட்டும்தான் சொல்கிறது, மீதி மற்றவர்கள் நினைப்பது" என்றான். சொல்லப்பட்டதையும் நினைக்கப்படுவதையும் பிரித்துவிட்டான்! அந்த வெயிலில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன வாரம் அவன் மாதிரித் தேர்வில் 50-இல் 38 சரி. மூன்று மாதம் முன்பு 21.

உங்களிடம் கேட்பது இதுதான். பத்துச் சொல் போடும் இடத்தில் வாரம் ஒரு நாளாவது 250, 300 சொல்லில் ஓர் ஆங்கிலப் பத்தியும் நான்கு கேள்விகளும் போடுங்கள். மறுநாள், சரியான விடை எது என்பதோடு நிறுத்தாமல், மற்ற மூன்று விடைகளும் ஏன் சரியில்லை என்று தமிழில் விளக்குங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரியாத அம்மாவும் அப்பாவும் அதைப் படித்துப் பிள்ளையோடு பேச முடியும். மேல் மாடி டாக்ஸிக்காரர் உங்கள் நாளிதழை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். தன் பெண்ணுக்கு இதில் தான் ஒன்றுமே செய்ய முடியவில்லை என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

தில்லியில் தமிழர்கள் பள்ளிக்கூடம் தொடங்கியது 1923-இல். இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்துக்குப் பல பள்ளிகள் இருக்கின்றன, ராமகிருஷ்ணபுரத்தில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இவற்றில் எங்காவது ஞாயிறு காலை ஓர் அறை கிடைத்தால், என்னைப் போல ஓய்வுபெற்ற ஸ்டெனோக்களும் பிரிவு அதிகாரிகளும் இந்த ஊரில் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம். கட்டணம் வேண்டாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு நான் எழுதிய நான்கு பத்திகளை, கேள்விகளும் விடை விளக்கமும் சேர்த்து, டைப் அடித்து இணைத்திருக்கிறேன். யமுனைப் பத்தி முதலாவது. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். இன்னும் இருபது தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டெனோ ஒருவர்,
மயூர் விஹார், தில்லி