இரட்டையரில் ஒருவரை விட்டுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பிளாக்கலீஷியஸ் என்னும் ஹிப் ஹாப் இரட்டையரைப் பற்றித் தங்களின் சென்ற இதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழில் இந்த இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விருது மேடைகளில் ஒலித்த பெயர்களோடு நின்றுவிடுவதால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓசையின்றி உழைத்த இருவரைத் தங்கள் இதழ் நினைவுகூர்ந்தது பாராட்டுக்குரியது. ஆனால், இரட்டையரைப் பற்றிய அந்தக் கட்டுரை உண்மையில் ஒருவரைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டவே இந்தக் கடிதம்.

ராப்பரான கிஃப்ட் ஆஃப் கேப் கட்டுரை முழுவதும் இருக்கிறார். அவருடைய கூட்டாளியான சீஃப் எக்ஸெல் என்பவரோ ஒரே ஓர் இடத்தில், 'குழுவின் தயாரிப்பாளர்' என்ற அளவில் வந்து போகிறார். 'புரொட்யூசர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் பொருள் அதுதான் என்றாலும், திரைப்படத்தோடு வளர்ந்த தமிழ் வாசகருக்குத் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். ஹிப் ஹாப்பில் அந்தப் பெயரால் அழைக்கப்படுபவரோ, நாம் இசையமைப்பாளர் என்று சொல்பவருக்கு மிக அருகில் நிற்பவர். பழைய இசைத்தட்டுகளைக் கடை கடையாகத் தேடியெடுத்து, அவற்றிலிருந்து சில நொடிகளை வெட்டி, வேகத்தை மாற்றி, புதிய டிரம் அடிகளோடு இணைத்து, ராப்பர் எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்பது வரை தீர்மானிப்பது அவருடைய வேலை. அப்படிப்பட்டவரை முதலாளி போலத் தோன்றச் செய்துவிட்டது அந்த ஒற்றைச் சொல்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவர்களின் சாதனைக்குச் சான்றாகக் கட்டுரை எடுத்துக்காட்டும் ஒரே பாடல், 1999-இல் வெளிவந்த 'ஆல்ஃபபெட் ஏரோபிக்ஸ்'. 2014 அக்டோபரில் நடிகர் டேனியல் ராட்கிளிஃப் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அதைத் தடங்கலின்றிப் பாடிக் காட்டிய பிறகு, ஹிப் ஹாப்பே கேட்காதவர்களுக்கும் அது தெரிந்துபோயிற்று. ஆங்கில நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களையே அடுக்கி, எழுத்து மாறமாறத் தாளமும் விரைவு கொள்ளும் அப்பாடலை வியப்பதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தகர வரிசை எழுத்துகளை மட்டும் கொண்டு வெண்பா பாடிய காளமேகப் புலவரின் மொழி நம்முடையது, மோனை நம் காதுக்குப் பழகிய இன்பம். ஆனால் அந்தப் பாடலுக்கு இசை அமைத்தவர் எக்ஸெல் அல்லர். ஜுராசிக் ஃபைவ் என்னும் ஹிப் ஹாப் குழுவைச் சேர்ந்த கட் கெமிஸ்ட். பாடலின் முழுத் தலைப்பே அதை 'கட் கெமிஸ்டின் இரண்டரை நிமிட உடற்பயிற்சி' என்றுதான் சொல்கிறது. ஆக, இரட்டையரின் பெருமைக்கு அடையாளமாக முன்வைக்கப்படும் பாடல், இரட்டையரில் ஒருவரின் இசை இல்லாத பாடல். அதை மட்டும் கேட்டுவிட்டு பிளாக்கலீஷியஸ் என்றால் வேகமான நாக்கு என்று முடிவு கட்டினால், பிழை கேட்பவருடையது மட்டுமன்று.

கேப்பும் எக்ஸெலும் 1987-இல் சாக்ரமெண்டோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சந்தித்தவர்கள். பின்னர் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக வானொலியான கேடிவிஎஸ்ஸைச் சுற்றி, டிஜே ஷேடோ, லிரிக்ஸ் பார்ன், லத்தீஃப் முதலிய நண்பர்களோடு சேர்ந்து சோல்சைட்ஸ் என்னும் லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தை, உருவாக்கினார்கள். 1994-இல் இவர்களின் முதல் இ.பி.யான (சில பாடல்கள் மட்டுமே கொண்ட சிறு தொகுப்பு) 'மெலோடிகா' அதன் வழியாகவே வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அந்த லேபிள் குவானம் என்று புதுப்பெயர் பெற்றது. கட்டுரையாளர் 'அண்டர்கிரவுண்ட்' என்பதைப் 'பாதாள உலக இசை' என்று மொழிபெயர்த்திருக்கிறார். கடத்தல்காரர்களின் நினைவே வருகிறது. அச்சொல் இங்கே குறிப்பது இருட்டையோ வறுமையையோ அன்று. பதிவின் உரிமை, வெளியிடும் முறை, இசைத்தட்டை யாருக்கு எப்படி விற்பது என்பவை எல்லாம் பெரிய நிறுவனங்களின் கையில் இல்லாமல் கலைஞர்களிடமே இருப்பதைத்தான் அது குறிக்கிறது. இந்த ஏற்பாட்டைச் சொல்லாமல், 'புகழ் கிட்டாத திறமைசாலிகள்' என்ற இரக்கத்தோடு எழுதுவது அவர்கள் தேர்ந்தெடுத்த வழியை அவர்களுக்கு நேர்ந்த விபத்தாக ஆக்கிவிடுகிறது.

எக்ஸெலின் கைவண்ணத்தை அறிய விரும்பும் வாசகர் 1999-இல் பிரிட்டனிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வெளியான 'நியா' ஆல்பத்தில் தொடங்கலாம். எனினும் என் கணிப்பில் 2002-இல் வந்த 'பிளேசிங் ஆரோ'தான் அவருடைய உச்சம். அதன் தலைப்புப் பாடல் அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சனின் பழைய பாடல் ஒன்றின் துணுக்கைச் சிறுபிள்ளையின் துள்ளலோடு எடுத்தாள்கிறது. அதே ஆல்பத்தில், ஒன்பது நிமிடத்துக்கும் மேலாக மூன்று பகுதிகளாக விரியும் 'ரிலீஸ்', ஜாக் டி லா ரோச்சா, சால் வில்லியம்ஸ், லிரிக்ஸ் பார்ன் ஆகியோரின் ஒன்றோடொன்று ஒட்டாத குரல்களைக் கேப்பின் குரலோடு ஒரே நூலில் கோக்கிறது. மற்றொரு பாடலில் கவிஞரும் பாடகருமான கில் ஸ்காட் ஹெரோன் வருகிறார். இத்தனை விருந்தினர் வந்தும் வீட்டின் வாசம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் எக்ஸெல்.

அந்த ஆல்பத்தை வெளியிட்டது எம்சிஏ என்னும் பெருநிறுவனம் என்பதும் கட்டுரையில் இல்லை. அண்டர்கிரவுண்ட் குழு என்று பெயரெடுத்தவர்கள் பெருநிறுவனத்துக்குப் போனதும், அந்த நிறுவனமே மறு ஆண்டு கெஃபன் என்னும் மற்றொரு இசை நிறுவனத்துக்குள் கரைந்துபோனதும், 2005-இல் 'தி கிராஃப்ட்' ஆல்பத்துக்கு இவர்கள் ஆன்டி என்னும் சுயாதீன லேபிளுக்குப் பெயர்ந்ததும் இக்கதையின் முக்கியமான திருப்பங்கள். அதன்பின் பத்தாண்டுகள் இருவரும் சேர்ந்த ஆல்பம் எதுவும் வரவில்லை. கேப் தனி ஆல்பங்களை வெளியிட்டார். 2012-இல் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. டயாலிசிஸ் செய்துகொண்டே மேடையேறினார். 2015-இல் 'இமானி' முதல் தொகுதி வந்தது. முதல் முழு ஆல்பத்தின் பெயரான நியா, சுவாஹிலி மொழியில் நோக்கம் என்று பொருள்படும். இமானி என்றால் நம்பிக்கை. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் கொண்டாடும் குவான்சா விழாவின் ஏழு கோட்பாடுகளில் இவை ஐந்தாவதும் ஏழாவதும் ஆகும். இடையில் ஒரு பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அந்த இழையை இவர்கள் விடவில்லை.

2020 தொடக்கத்தில் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட கேப், 2021 ஜூன் 18 அன்று, ஐம்பதாவது வயதில் காலமானார். 'அவரோடு பிளாக்கலீஷியஸும் முடிந்தது' என்று கட்டுரை முடிகிறது. இனி வரவேண்டிய ஆல்பங்களுக்காக அவர் பல பதிவுகளை விட்டுச் சென்றிருப்பதாக அவருடைய மறைவை அறிவித்தபோதே குழுவின் தரப்பில் சொல்லப்பட்டது. அவற்றைப் பாடல்களாக்கும் பொறுப்பில் இருப்பவர், தங்கள் கட்டுரை ஒரு சொல்லில் கடந்துசென்ற அந்தத் 'தயாரிப்பாளர்'தான். அடுத்த இதழில் அச்சொல்லையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்