கொன்றை மரத்துல மூணு புள்ளி

மச்சான்,

தீபாவளிக்கு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடல, அதுக்குள்ள தைப்பூசமும் போயிடுச்சு, மன்னிச்சுக்கோடா. போன் பண்ணலாம்னுதான் பாத்தேன், ஆனா நீ என்னைப் பேச விடமாட்ட, அதான் உக்காந்து டைப் பண்றேன். கண்ணு எப்படி இருக்கு? சொட்டு மருந்து நேரத்துக்குப் போடுறியா? இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். லோரி அண்ணன் காடிய வித்துட்டாரு, தெரியுமா, அந்தக் காடியவே!

சரி விஷயம். கோப்பெங்ல அந்த மஞ்சப் பட்டாம்பூச்சியப் பத்தி நீ சொன்னதுதான் சரி.

எல்லாரும் உலு கெரோ ஆத்தோரம் ராஜா புரூக் பட்டாம்பூச்சி பின்னாடி ஓடிக்கிட்டு இருந்தப்போ நீ மட்டும் ஈர மண்ணுல ஒரு மஞ்சப் பூச்சி முன்னாடி படுத்துக் கெடந்தியே, எந்திரிச்சு வந்து "இதுக்குப் பேரு போடாத, யூரிமான்னு பொதுப் பேரை மட்டும் எழுது"ன்னு சொன்னியே. நான் கேக்கல. யூரிமாவுல ஹெகாபே வகைதான், பொறந்ததுலேர்ந்து பாக்குறோம், இதுல என்ன சந்தேகம்னு எழுதிட்டேன். ஈப்போவுல சாப்பிடும்போதுகூட நீ சரியா முகம் குடுத்துப் பேசல. அப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

இப்போ என்ன ஆச்சுன்னா, நம்ம கோயில் பின்னால கொன்றை மரம் இருக்குல்ல, போன மாசம் அதோட கொழுந்தெல்லாம் வெறும் காம்பா நிக்குது. கமிட்டில மருந்து அடிக்கணும்னு பேசி ஆளையும் வரச் சொல்லியாச்சு. நான் போய்ப் பாத்தேன். முதல்ல எமிகிரன்ட் பட்டாம்பூச்சியோட புழுன்னு நினைச்சேன், அதுவும் கொன்றையிலதானே வளரும். ஆனா எமிகிரன்ட் முட்டைய ஒண்ணு ஒண்ணாத்தானே வைக்கும், இதுங்க ஒரே கொப்புல பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கிட்டு கூட்டமாத் தின்னுக்கிட்டு இருக்கு. பச்சை உடம்பு, தலை மட்டும் கருப்பு. மச்சான், ஹெகாபே புழுவுக்குத் தலை பச்சைடா! எத்தனை தடவை பெத்தாய் பெலாலாங் செடியில பாத்திருக்கோம், தனியாத்தான் இருக்கும், இலையோட இலையா, கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

கமிட்டித் தலைவர்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டேன். கொழுந்துதான் போகும், மரம் சாகாது, திரும்பத் துளுக்கும்னு சொன்னேன். அவரு யோசிச்சாரு, குருக்கள்தான் சிவனுக்குப் போற பூ அந்த மரத்துலேர்ந்துதான் பறிக்கிறோம் அதுல எதுக்கு மருந்துன்னு ஒரே வார்த்தை சொன்னாரு, முடிஞ்சுது. நான் ஒரு கொப்ப ஒடிச்சு பெரிய மைலோ டின்ல வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். கூடு கட்டுறதும் பக்கத்துல பக்கத்துலதான், ஒரே காம்புல வரிசையாத் தொங்குது. ஆறேழு நாள்ல வெளிய வர ஆரம்பிச்சுது. ஒவ்வொண்ணா கீழ்ப்பக்கம் படம் எடுத்தேன். முன் இறக்கையில செல்லுக்குள்ள, அதான் நரம்பு சூழ்ந்த அந்தக் கட்டத்துக்குள்ள, மூணு புள்ளி. எல்லாத்துலயும் மூணு. யூரிமாவுல இன்னொரு வகை, பிளாண்டா!

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. 2016லேர்ந்து நான் ஹெகாபேன்னு போட்டு வச்ச படத்தையெல்லாம் திறந்து உக்காந்துட்டேன், நாலு ராத்திரி. செல்லுல ஒரு புள்ளின்னா ஆண்டர்சனி, ரெண்டுன்னா ஹெகாபே, மூணுன்னா பிளாண்டா, இது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். படத்துல எண்ணிப் பாத்தாத்தான் தெரியுது எங்க சறுக்குறோம்னு. செல்லு முடியுற எடத்துல ஒரு வளையம் மாதிரி அடையாளம் இருக்கு பாரு, அது புள்ளிக் கணக்குல சேராது, அதுக்கு உள்ள, இறக்கை அடிப்பக்கமா இருக்கிறதைத்தான் எண்ணணும். அந்த வளையத்தையும் சேத்து எண்ணுனா ஹெகாபே பிளாண்டா ஆயிடும். பிளாண்டால ஒரு புள்ளி மங்கலா இருந்தா அது ஹெகாபே ஆயிடும். அதோட இது உக்காந்தா இறக்கைய மூடிக்கிட்டுத்தான் உக்காரும், கீழ்ப்பக்கம் நல்லாத் தெரியுமேன்னு நினைக்கிறோம், ஆனா கொஞ்சம் அசந்து உக்காந்துச்சுன்னா முன் இறக்கைய உள்ள இழுத்துக்கும், பின் இறக்கை செல்லை மறைச்சிடும். அப்புறம் எதை எண்ணுறது? பின்னால வெயில் அடிச்சா மேல்பக்கத்துக் கருப்பு ஓரம் ஊடுருவித் தெரிஞ்சு புள்ளியக் குழப்புது. ஃபிளாஷ் போட்டதுல மஞ்சளே வெளுத்துப் போயி புள்ளி எல்லாம் காணாமப் போச்சு. பாதிக்கு மேல என்ன பூச்சின்னே சொல்ல முடியாத படம் மச்சான், எல்லாத்துக்கும் நான் தைரியமா ஹெகாபேன்னு பேரு போட்டு வச்சிருக்கேன். போன்ல இருக்கிற ஆப்பும் அதையேதான் சொல்லுச்சு, மஞ்சளா எதைக் காட்டினாலும் ஹெகாபே, நானும் சரின்னு அமுக்கிட்டுப் போயிருக்கேன்.

பிளெயின் டைகர் பட்டாம்பூச்சியில நமக்கு இந்தப் பிரச்சனை வந்ததே இல்ல. அதை மாதிரியே வேஷம் போடுற மிசிப்பஸ் பொம்பளப் பூச்சிய நீ பறக்கும்போதே சொல்லிடுவ, பின் இறக்கை நடுவுல கருப்புப் புள்ளி மூணு நாலு இருந்தா டைகர், மேல் ஓரத்துல ஒண்ணே ஒண்ணுன்னா மிசிப்பஸ். ஏன்னா அது கஷ்டம்னு நமக்குத் தெரியும், அதனால பாத்தோம். மஞ்சப் பூச்சிய லேசுன்னு நினைச்சோம், பாக்கல. லின்னேயஸ் 1758லயே ஹெகாபேக்குப் பேரு வச்சுட்டாரு, பிளாண்டான்னு ஒண்ணு தனியா இருக்குன்னு புவாதுவால் எழுதினது 1836ல. பூச்சியக் கையில வச்சிருந்தவங்களுக்கே நடுவுல 78 வருஷம் ஓடிருக்குடா.

என்னை உறுத்துறது வேற. ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னு நாம சேந்து போட்டுக் குடுத்த தண்ணிமலை பட்டாம்பூச்சி லிஸ்ட் ஞாபகம் இருக்கா? அதுல ஹெகாபேக்கு நேரா "எங்கும் காணலாம்"னு இருக்கு. பிளாண்டா அந்த லிஸ்ட்லயே கிடையாது. நாளைக்கு யாராவது ரோட்டோரக் கொன்றையெல்லாம் வெட்டி, அதோட இதுவும் போயிடுச்சுன்னு வச்சுக்கோ, போனதே யாருக்கும் தெரியாது. லிஸ்ட்ல இல்லாததை யாரு தேடுவா? நம்ம கையெழுத்துல போன லிஸ்ட்டு அது. டீச்சர் இன்னமும் ஒவ்வொரு வருஷமும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கிறாங்களாம். நேத்து நேர்ல போயி சொல்லிட்டேன், இந்த வருஷம் நிறுத்தி வைங்க, திருத்தித் தர்றோம்னு. "தர்றோம்"னு சொன்னேன், உன்னையும் சேத்துத்தான்.

அதனால உன்கிட்ட ஒரு வேலை. கெப்போங் ஃப்ரிம் காட்டுல, உலு கொம்பாக்ல, கோப்பெங்ல நீ எடுத்த மஞ்சப் பூச்சி படம் எல்லாம் வேணும். வாட்ஸ்அப்புல அனுப்பாத, அது சுருக்கி அனுப்புறதுல புள்ளிதான் முதல்ல அழியுது. கார்டுல இருக்கிற ஒரிஜினல் ஃபைல், பென்டிரைவ்ல போட்டு பஸ்ல வர்ற யார்கிட்டயாவது குடுத்துவிடு. ஒவ்வொரு படத்துக்கும் எந்தச் செடியில உக்காந்துச்சு, முட்டை வச்சுச்சா, ஒண்ணு ஒண்ணாவா கூட்டமாவா, ஞாபகம் இருந்தா எழுது. முட்டை கூட்டமா இருந்துச்சுன்னா புள்ளி தெரியலேன்னாக்கூட பிளாண்டா பக்கம் சாயலாம். எதுவுமே தெரியலேன்னா யூரிமா, அவ்வளவுதான், நீ சொன்ன மாதிரியே. நான் எழுதின பேரை நானே அழிச்சிக்கிட்டு வர்றேன், கோப்பெங் படத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நீலம் எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுன்னு சொன்னியே, மஞ்சள் எப்படித் தெரியுது? டாக்டர் சரின்னு சொன்னதும் ரயில் ஏறி வா. பட்டர்வொர்த்துல வந்து கூட்டிக்கிறேன். மோட்டார்ல உன்னைப் பின்னால உக்கார வைக்கமாட்டேன், பயப்படாத, ஃபெரி ஏறிப் போவோம். கொன்றை துளுக்க ஆரம்பிச்சிருக்கு, காலையில ஒரு பொம்பளப் பூச்சி கொழுந்துக் கொழுந்தாத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, எங்கயும் நிக்கல. டின்ல இன்னும் ரெண்டு கூடு பாக்கி, அதுல ஒண்ணுல இப்பவே இறக்கையோட மஞ்சள் வெளிய தெரியுது, விடியறதுக்குள்ள வந்துடும்னு நினைக்கிறேன். அலாரம் அஞ்சு மணிக்கு வச்சிருக்கேன்.

உன்,
ஆயர் ஈத்தாம்காரன்