வௌவாலை விரட்டும் முன் தொட்டி மூடியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வௌவாலின் குடலில் மனிதருக்குத் தொற்றக்கூடிய ஒட்டுண்ணிகள் இருப்பதாக நீங்கள் வெளியிட்ட செய்தியை எங்கள் தெருவில் எல்லோரும் படித்துவிட்டார்கள். மறுநாளே, பக்கத்து வீட்டு மரத்தில் தொங்கும் வௌவால்களைப் புகை போட்டு விரட்டலாமா என்று பேச்சு. ஆய்வுக்கூடத்தில் மலப் பரிசோதனை செய்தே ஓய்வு பெற்றவன் நான். என்னிடமும் வந்து கேட்டார்கள்.

செய்தி பொய்யில்லை. கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகள் இரண்டுமே பல நாடுகளில் வௌவால் புழுக்கையில் கிடைத்திருக்கின்றன. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. மரபணுவைப் பார்த்தால், வௌவாலில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வௌவாலுக்கே உரிய வகைகள். நமக்கு வயிற்றுப்போக்கு தரும் பார்வம் இனம் அதில் எப்போதாவதுதான் தட்டுப்படுகிறது. அது அதிகம் இருப்பது கன்றுக்குட்டிகளிடம். ஹோமினிஸ் இனமோ பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவது. புழுக்கையில் மரபணு கிடைத்ததற்கும், அந்த வௌவால் யாருக்கோ நோய் தந்ததற்கும் நடுவே எவ்வளவோ தூரம். உங்கள் தலைப்பு அதை ஒரே எட்டில் தாண்டிவிட்டது.

சாயம் ஏற்றிய சிலைடில் கிரிப்டோஸ்போரிடியம் நீலப் பின்னணியில் சிவப்பு மணியாகத் தெரியும். குறுக்களவு 4 முதல் 6 மைக்ரான், ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயமேற்றாத சிலைடில் ஈஸ்டைப் பார்த்து இதுதான் என்று எழுதிக்கொடுத்து, மூத்தவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மணி சின்னது, ஓடு கெட்டி. குளோரின் கலந்த தண்ணீரிலும் நாள்கணக்கில் பிழைத்திருக்கும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993-இல் குடிநீர்க் குழாய் வழியாகவே சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கையில் போட்டது. பின்னால் மரபணுவை ஆராய்ந்தபோது அது மனிதரிடையே பரவும் ஹோமினிஸ் இனம் என்று தெரிந்தது.

அதற்காக அலட்சியம் வேண்டாம். நல்ல உடம்பென்றால் இந்த வயிற்றுப்போக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை லேசில் விடாது. தண்ணீர் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் ஒட்டுண்ணி செத்துவிடும். கையில் தடவும் ஆல்கஹாலுக்கு அசையாது, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அப்புறம், காய்ந்த புழுக்கையை அப்படியே பெருக்காதீர்கள். தூசியோடு ஹிஸ்டோபிளாஸ்மா என்னும் பூஞ்சை நுரையீரலுக்குள் போகலாம். எனக்கென்னவோ, குடல் ஒட்டுண்ணியைவிட இதற்குத்தான் அதிகம் பயம். தண்ணீர் தெளித்து, ஈரமாக அள்ளுங்கள்.

சரி, எதற்கும் பார்ப்போம் என்று பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நாலைந்து புழுக்கை, உள்ளே மிதந்தது தனி. மூடி எங்கே என்று கேட்டேன். அந்த மரத்தடியிலேயே கிடந்தது, மல்லாத்தி மண் நிரப்பி, செடி வைத்திருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பர்