அம்மாவுக்கு, லெஸ்டரிலிருந்து

லெஸ்டர்,
19 ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நண்பன் ஊருக்கு வருவதால் அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாலே நீ பதறுகிறாய். அதற்குள் அப்பா போனை வாங்கி, "சம்பளம் இல்லாத வேலைக்கு எதுக்குடா போறே?" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் சம்பள வேலை செய்யலாம். அந்த இருபதையும் கிடங்கில் பெட்டி அடுக்கியே முடித்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல். விசாவுக்கு வருஷம் 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டினோமே என்று இன்னும் புலம்புகிறார் இல்லையா? அந்தப் பணம் போகிற அரசு ஆஸ்பத்திரியைத்தான் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்!

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டில் தன்னார்வலராக நிற்கிறேன். தானாகச் சாப்பிட முடியாதவர்களுக்குச் சிவப்புத் தட்டில் சாப்பாடு வரும். சிவப்பைப் பார்த்தால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அர்த்தம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களை நர்ஸ்தான் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு நான் மூடியைத் திறந்து கொடுப்பேன், ஊட்டுவேன், பேசிக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. முழங்கைக்குக் கீழே கயிறு, வாட்ச் எல்லாம் இருக்கக் கூடாது என்பது இங்கே ஆஸ்பத்திரி விதி. கையை ஒழுங்காகக் கழுவ முடியாதாம். நீ இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கட்டிவிட்ட கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பர்ஸில் பத்திரமாக இருக்கிறது.

முதல் நாள் பயிற்சியில், நோயாளி முன்னால் நின்றுகொண்டு பேசாதீர்கள், முதலில் பெயரைச் சொல்லுங்கள், உட்கார்ந்து அவர்கள் கண்ணுக்கு நேராகப் பேசுங்கள் என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாத்தூர்ப் பக்கம் எத்தனை வீட்டுத் திண்ணையில் உன்னோடு உட்கார்ந்திருப்பேன்! தீப்பெட்டி ஆபீஸ் விட்டு ஆட்கள் வரும் நேரம் பார்த்துத்தான் போவாய். "நர்சம்மா வந்திருக்கேன்" என்று வாசலிலேயே குரல் கொடுப்பாய். வாங்கிய தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர்க்கதை பேசுவாய். கடைசியில்தான் பெட்டியைத் திறப்பாய். அந்தப் பேச்சு எனக்கு அப்போது பெரிய அறுவை.

போலியோ சொட்டு மருந்து போடும் ஞாயிறு எல்லாம் எனக்கு வீணாய்ப் போன ஞாயிறுதான். தெருவே டிவி பார்த்துக்கொண்டிருக்கும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வருவேன். மருந்துக் குப்பியின் லேபிளைப் பார்ப்பதுதான் என் வேலை. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் மருந்து சூட்டில் கெட்டுவிட்டது, போடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தாய். அப்புறம் பிள்ளைகளின் இடது சுண்டுவிரலில் மை வைப்பதும் நான்தான். அது பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் ஆண்டு விழாவுக்கு வராமல் யாருடைய பிரசவத்துக்கோ போனாயே, அந்தக் கோபம் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் வார்டில் ஒரு குஜராத்திப் பாட்டி. 1972இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து உகாண்டாவிலிருந்து துரத்தினானே, அப்போது இந்த ஊருக்கு வந்த குடும்பம். இங்கே அப்படி வந்தவர்கள் ஏராளம். ஐம்பது வருஷம் பேசிய ஆங்கிலம் மறதி நோயில் போய்விட்டது, குஜராத்தி மட்டும்தான் மிச்சம். சிவப்புத் தட்டு வந்தாலே தள்ளிவிடுவார். நான் ஸ்பூனைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயரைச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த தமிழில் ஊர்க்கதை பேசினேன். பொங்கல் வரப்போகிறது, அப்பா கடன் கட்டுகிறார், எங்கள் அம்மா ஓர் ஊர் விடாமல் சுற்றுகிறாள் என்று என்னென்னவோ. ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. கால் மணி நேரம் கழித்து அவர் மகள் எழுதி வைத்திருந்த அட்டையைப் பார்த்து "ஜமோ, பா" என்றேன். சாப்பிடுங்கள் அம்மா என்று அர்த்தமாம். என் உச்சரிப்பைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. சிரித்த வாயில் ஒரு ஸ்பூன் பருப்புச் சோறு. அழுகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டி நீ சொட்டு மருந்து விடுவாயே, அதே திருட்டுத்தனம்தான்.

மொத்தம் ஐந்து ஸ்பூன் சாப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் தட்டைத் தள்ளிவிட்டார், அது வேறு கதை.

அப்பாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டாதே, அந்த 20 மணி நேரத்தை மட்டும் சொல். பிப்ரவரியில் நண்பன் திரும்பும்போது பருப்புப் பொடி கொடுத்துவிடு. கயிறு வேண்டாம், திருநீறு போதும்.

உன் மகன்